இல்லம் திரும்பும் புறா

புறாவின் காலில் ஓலையைக் கட்டிவிட்டால் நாம் விரும்பும் ஊருக்கு அது கொண்டு சேர்க்கும் என்று நம்மிற் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். சித்திரக் கதைகளும் திரைப்படங்களும் வளர்த்த எண்ணம் அது. தூதுப் புறாவுக்குத் தெரிந்த முகவரி ஒன்றே ஒன்றுதான். அது தான் பிறந்து வளர்ந்த கூடு. எங்கு கொண்டுபோய் விட்டாலும் அங்கேயே திரும்பும். ஆகவே செய்தியைப் பெற விரும்புவோர் தம் புறாவை முன்னதாகவே அனுப்புவோரிடம் ஒப்படைத்து வைத்தல் வேண்டும். இந்த ஒரு செய்தியை மனத்திற்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

நம் நாட்டில் இதற்குச் சிறந்த சான்று ஒடிசா காவல்துறை. 1946இல் இராணுவம் அளித்த 200 புறாக்களைக் கொண்டு தந்தி வசதியற்ற மலைப்பகுதிகளுக்காக அங்கே புறாத்தூதுப் பிரிவு தொடங்கப்பட்டது. கட்டாக் நகரமே அதன் தலைமையிடம். 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 13 அன்று சம்பல்பூரில் இருந்த பண்டித நேரு, கட்டாக்கில் இருந்த அலுவலர்களுக்குப் பொதுக்கூட்ட ஏற்பாடு பற்றிப் புறா வழியே செய்தி விடுத்தார். பின்னர் 1982 வெள்ளத்திலும் 1999 பெரும்புயலிலும் கம்பிகள் அறுந்த வேளையில் இப்பறவைகள் பயன்பட்டன. சில புறாக்களை ஓரிடத்தில் வாழவும் மற்றோரிடத்தில் உண்ணவும் பழக்கி இருவழியும் பறக்கச் செய்தார்கள் என்பது வியப்புக்குரியது. தூதுப்பணி முடிந்துவிட்ட போதிலும், மரபுச் செல்வமாகக் கருதி அப்புறாக்களைப் பேணி வருகின்றனர்.

ஹோமர் எனப்படும் இவ்வினத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவாக்கிப் பந்தயத்தை வளர்த்தவர்கள் பெல்ஜிய நாட்டினர். ஆயினும் இதன் மூதாதை நாம் அறியாத பறவையன்று. எங்கள் குமாரலிங்கபுரம், அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மானாவாரி நிலங்களில் பழங்கிணறுகளின் கற்பொந்துகளில் கூடு கட்டி வாழும் சாம்பல் நிற மாடப்புறாவின் இனமே அது. வெகுதொலைவு மேய்ந்தாலும் மாலையில் தன் பொந்துக்கே வருவது அதன் இயல்பு. அவ்வியல்பையே மனிதன் தேர்ந்தெடுத்து இணைசேர்த்து வலுப்படுத்தினான்.

பெண்புறா இரண்டு முட்டைகள் இடும். பதினேழு, பதினெட்டு நாள்களில் குஞ்சு பொரிக்கும். தாயும் தந்தையும் மாறிமாறி அடைகாக்கின்றன. இரண்டின் தொண்டைப்பையிலும் சுரக்கும் பால் போன்ற பொருளே குஞ்சுக்கு முதலுணவு. தந்தையும் பாலூட்டும் இந்த இல்லறத்தை வகுப்பில் கூறும்போதெல்லாம் மாணவியர் முகத்தில் எழும் சிரிப்பு இன்றும் நினைவில் நிற்கிறது. குஞ்சு பிறந்த ஒரு வாரமளவில் இணைப்பில்லாத வளையம் ஒன்றைக் காலில் அணிவிப்பர். கால் பருத்தபின் அது கழலாது. ஆண்டும் சங்கக் குறியும் எண்ணும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும்.

இறகு முற்றியதும் முதலில் கூட்டைச் சுற்றிப் பறக்கவிடுவர். பின்பு கூடையில் எடுத்துச்சென்று சில கிலோமீட்டரில் விட்டு, தொலைவைப் படிப்படியாகக் கூட்டுவர். சென்னையில் ஹோமர் வளர்ப்போர் வடக்கே செல்லும் இரயில் பாதையை ஒட்டிய ஊர்களிலிருந்து விடுவது வழக்கம். விஜயவாடா வான்வழியே ஏறத்தாழ 380 கிலோமீட்டர். நாகபுரி ஏறத்தாழ 900.

முதலில் வந்த புறாவே வென்றது என்று கருதுதல் பிழை. கூடுகள் ஊரின் வெவ்வேறு பகுதிகளில் இருப்பதால் தொலைவு ஒன்றாக இராது. ஒரு புறா 380 கிலோமீட்டரை 380 நிமிடத்தில் கடந்தால் வேகம் நிமிடத்துக்கு 1000 மீட்டர். மற்றொன்று 384 கிலோமீட்டரை 382 நிமிடத்தில் கடந்தால் 1005 மீட்டர். இரண்டு நிமிடம் பிந்தி வந்ததே வெற்றி பெறும். நம் பிள்ளைகள் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கட்டும்.

வழியை எவ்வாறு அறிகிறது? கதிரவனின் நிலையைக் கொண்டு திசை அறிகிறது. அதற்கு உடலில் ஒரு கடிகாரமும் உண்டு. மேகம் மூடிய நாளில் புறாவின்மீது சிறு காந்தத்தைப் பொருத்தியபோது அது திசை தடுமாறியதை அமெரிக்க அறிஞர் கீட்டன் 1971இல் வெளியிட்டார். காற்றில் வரும் மணங்களும் உதவுகின்றன என்று இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினர். அறிந்த பகுதிக்குள் வந்தபின் நெடுஞ்சாலைகளைப் பார்த்தே பறப்பதும் உண்டு. இவை எவ்வாறு ஒன்றுசேர்ந்து இயங்குகின்றன என்பதில் அறிஞரிடையே இன்னும் கருத்து வேறுபாடு உள்ளது.

இனி நம் இல்லங்களில் எழும் வினாவுக்கு வருவோம். மகனோ பேரனோ பந்தயப் புறா வளர்க்க விரும்பினால் இசையலாமா?

தத்வார்த்த சூத்திரம் இல்லறத்தாரின் கொல்லாமை விரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிச் சுமத்துதல், உணவும் நீரும் தடுத்தல். புறா வளர்ப்பில் ஐந்தாவதே மிக எளிதில் நுழையும். விரைவாகக் கூட்டுக்குள் இறங்கவேண்டும் என்பதற்காகப் பசியோடு வைத்துப் பழக்குவோர் உளர். உணவு நேரத்துக்குமுன் பறக்கவிட்டு, வந்தவுடன் வயிறாரத் தருவது வேறு; வாட்டுவது வேறு. இணைப் புறாக்களைப் பிரித்துவைத்து, துணையை நாடி விரைந்து வருமாறு செய்வதும் பந்தய உலகில் ஒரு முறை. அதைத் திறமை என்பர். எனக்கு அது உவப்பன்று. இளம்புறாவை அதன் வலிமைக்கு மிஞ்சிய தொலைவில் விடுவது, முதுகில் மூட்டை இல்லாவிடினும், மிகைச்சுமையே.

மேனாடுகளில் பந்தயத்தில் பின்தங்கிய புறாக்களைக் கொன்றுவிடும் வழக்கமும் உண்டு. அதை அதிசாரம் என்று கூறி அமைதல் இயலாது. அது விரத பங்கமே. பணயம் வைத்தலோ ஏழு வியசனங்களுள் முதலாவதான சூது. அதைப் பற்றி மேலும் கூற வேண்டியதில்லை.

திரும்பி வாராதவற்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1997 ஜூன் மாதத்தில் பிரான்சு நாட்டு நாந்த் நகரிலிருந்து இங்கிலாந்துக்கு ஏறத்தாழ 60,000 புறாக்கள் ஒரே பந்தயத்தில் விடப்பட்டன. பல்லாயிரம் புறாக்கள் வீடு சேரவில்லை. கான்கார்டு விமானத்தின் அதிர்வொலி அவற்றைத் திகைக்கச் செய்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. நம் பகுதியில் விமானத்தைவிட வல்லூறும் வைரியும் கோடை வெயிலும் மின்கம்பிகளுமே கேடு. பந்தயமே வேண்டாம், அண்மைத் தொலைவில் விட்டு வருகையைக் கண்டு மகிழ்வோம் என்று ஒரு பிள்ளை கூறுமாயின் அதற்கு நான் முழுமனத்துடன் இசைவேன். பந்தயம்தான் வேண்டும் என்றால், வயது முதிர்ந்து பறக்கவியலாத புறாவையும் இறுதிவரை பேணுவதாக அவன் முதலில் ஒப்புக்கொள்ளட்டும்.

தில்லிச் செங்கோட்டைக்கு எதிரே லால் மந்திர் சமணக் கோயிலில் பறவை மருத்துவமனை ஒன்று நடைபெறுவதை யாத்திரை சென்றோர் கண்டிருப்பீர்கள். குணமடைந்த பறவைகளைக் கூண்டில் வைக்காது வானில் விட்டுவிடுவது அங்குள்ள வழக்கம். ஹோமர் புறாவாயின் நேரே வளர்த்தவன் வீட்டுக்கே போய்விடும் என்பது வேறு!

வழி தவறிய புறா நம் மாடியில் இறங்குவதும் உண்டு. காலில் வளையம் இருப்பின் அது காட்டுப் புறாவன்று. முதலில் வேண்டுவது நீர். புறா மற்றப் பறவைகளைப் போல் அலகை உயர்த்தி விழுங்குவதில்லை. அலகை அமிழ்த்தி உறிஞ்சும். ஆதலால் தட்டில் சிறிது ஊற்றினால் போதாது. அலகு அமிழுமளவு ஆழமான கிண்ணம் வைக்க வேண்டும். அதன்பின் கம்பு, சோளம், பாசிப்பயறு ஆகியவற்றைச் சமைக்காமல் முழுத் தானியமாகத் தரலாம். பூனை எட்டாத நிழலில் ஓரிரு நாள் இளைப்பாறவிட்டு, வளையத்தின் எழுத்தையும் எண்ணையும் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள புறா வளர்ப்போரிடம் தெரிவித்தால் உரியவர் யாரென்று அறியலாம். காயம் இல்லையாயின் காற்று அமைதியான காலையில், கம்பிகள் இல்லாத வெளியில் விடுக. இருமுறை வட்டமிட்டுத் திசை கண்டபின் அது தன் வழியே போகும்.