துளையிடும் கம்ப்ரஸரைத் தேர்ந்தெடுத்தல்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிகளின் பல ஊர்களில் கரிசலுக்கடியில் கடும்பாறையே உள்ளது. அங்கு ஆழ்துளைக் கிணறு அமைக்கும் பஞ்சாயத்தார், அடிக்கு எவ்வளவு கூலி என்று மட்டும் கேட்டல் போதாது. கம்ப்ரஸரின் காற்றழுத்தத்தையும் காற்றளவையும் கேட்டறிதல் வேண்டும்.

அழுத்தம் பாறையை உடைக்கும் சுத்தியலை இயக்குகிறது. காற்றளவு உடைந்த தூளை மேலே தள்ளுகிறது. துளைக்குழாய் மாட்ட நிறுத்தும்போது 330 அடி உயரம் நீர் ஏறி நின்றால், அதை வெல்லவே சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 கிலோ அழுத்தம் தேவை. அதற்கு மேல் உள்ளதே சுத்தியலுக்குப் பயன்படும். துளை அகன்றால் காற்றளவும் கூட வேண்டும்.

சிறிய கம்ப்ரஸர் ஊற்று கண்டதும் திணறும். பாதியில் நின்ற துளையால் பொதுப்பணம் வீணாகும். ஆதலின் இவ்விரண்டு அளவுகளையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.