கதிர்களும் கரைசல்களும்

ஒரு பொருளை வேறொரு பொருளாக மாற்ற வேண்டுமாயின் அதனை நெருப்பிலிட்டுச் சூடேற்றுதல் வேண்டும் என்பது மனிதன் அடுக்களையிற் கற்ற பழைய அறிவு. அரிசி சோறாவதும், களிமண் செங்கல்லாவதும், சுண்ணாம்புக்கல் நீறாவதும் நெருப்பின் தொழிலே. இரசாயனச் சாலையிலும் நெடுங்காலம் நெருப்பே முதற்கருவியாக விளங்கிற்று. எனினும், நெருப்பின்றியும் பொருள்கள் மாறுதலுண்டு. வெயிலிற் கிடந்த சாயத்துணி வெளுப்பதும், பச்சிலை கதிரவனொளியைக் கொண்டு காற்றிலும் நீரிலுமிருந்து மாப்பொருள் சமைப்பதும், புகைப்படத் தகட்டில் உருவம் பதிவதும் ஒளியின் தொழில்களாம். ஒளியினும் வலிமை மிக்க எக்ஸ் கதிர், காமாக் கதிர், விரைந்து செல்லும் எலக்ட்ரான் கற்றை ஆகியனவும் இத்தகைய தொழிலை இயற்ற வல்லன. அக்கதிர்கள் நீரிற் கரைந்த பொருள்களை எவ்வாறு தாக்குகின்றன, சிறிய மூலக்கூறுகள் அதனால் எங்ஙனம் நெடுஞ்சங்கிலிகளாகின்றன, அதனால் மக்கட்கு விளையும் நன்மை தீமைகள் யாவை என்பவற்றை மாணவர்க்கு விளங்கச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் நெடுஞ்சங்கிலி யாதென அறிதல் வேண்டும். திருவள்ளூருக்கு மேற்கே திருத்தணி செல்லும் சாலையில் திருப்பாச்சூர் என்னும் பழைய ஊர் உளது. பாசு என்பது மூங்கிலைக் குறிக்கும் சொல். அவ்வூர்ச் சிவன் கோயிலின் தலமரமும் மூங்கிலே. அம்மூங்கிலின் வலிமைக்குக் காரணமான செல்லுலோஸ் என்னும் பொருளை ஆராய்ந்தால், அது குளுக்கோஸ் என்னும் சர்க்கரையின் கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாகக் கைகோத்து நிற்கும் சங்கிலியென்பது புலனாகும். தனித்து நிற்குங்கால் நீரிற் கரையும் சர்க்கரை, சங்கிலியாகக் கோக்கப்பட்டவுடன் மழையிலும் கரையாத மூங்கிலாகின்றது. இங்ஙனம் சிறு கூறுகள் பல இணைந்தமைந்த பொருளை பாலிமர் என்றும், அச்சிறு கூற்றினை மோனோமர் என்றும் இரசாயன நூலார் வழங்குவர். பஞ்சு, பட்டு, இரப்பர் ஆகியன இயற்கை தந்த பாலிமர்கள். கும்மிடிப்பூண்டி முதலிய தொழிற்பேட்டைகளிற் குழாயாகவும் உறையாகவும் வார்க்கப்படும் பிளாஸ்டிக் வகைகள் மனிதன் சமைத்தவை.

மனிதன் சமைப்பனவற்றுட் பல வினைல் இனத்தைச் சேர்ந்த மோனோமர்களினின்றும் பெறப்படுவன. இவ்வினத்து மூலக்கூறு ஒவ்வொன்றிலும் இரண்டு கரி அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் கட்டுண்டு கிடக்கும். அப்பிணைப்பில் ஒன்றைத் திறந்துவிட்டால் அம்மூலக்கூறு தன் அயலானைப் பற்ற ஒரு கை பெறும். அதனைத் திறப்பதற்கு ஒரு சாவி வேண்டும். இணையாத தனி எலக்ட்ரான் ஒன்றைத் தாங்கி, எதனையேனும் பற்றத் துடித்து நிற்கும் அணுக்கூட்டமே அச்சாவி. இதனைத் தனியுறுப்பு என்பர். தனியுறுப்பைக் கரைசலில் எவ்வாறு உண்டாக்குவது என்பதே நம்முன் உள்ள வினா.

ஒளியானது ஆற்றற் பொட்டலங்களாகச் செல்வது. ஊதா நிற ஒளியின் பொட்டலம் ஒன்றில் ஏறத்தாழ 3 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உண்டு. கரி அணுக்கள் இரண்டைப் பிணைக்கும் ஒற்றைப் பிணைப்பை முறிக்க ஏறத்தாழ மூன்றரை எலக்ட்ரான் வோல்ட்டும், நீரில் ஹைட்ரஜனைப் பிரிக்க ஏறத்தாழ 5 எலக்ட்ரான் வோல்ட்டும் வேண்டும். ஆகவே கண்ணுக்குத் தெரியும் ஒளி நீரை முறிக்க மாட்டாது. நீர் அதனை உட்கொள்வதுமில்லை. தெளிந்த நீர் நிறமின்றித் தோன்றுவதே இதற்குச் சான்று. ஒரு பொருள் உட்கொள்ளாத ஒளி அப்பொருளில் எவ்வித மாற்றத்தையும் செய்யாதென்பது ஒளி இரசாயனத்தின் முதல் விதி. எனவே ஒளியைக் கொண்டு கரைசலில் வேலை வாங்க விரும்புவோர், ஒளியை உட்கொள்ளும் தூதுவன் ஒருவனை அக்கரைசலில் இடுதல் வேண்டும்.

இத்துறையில் நம் சென்னைக்கும் ஒரு பங்குண்டு. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் எம். ஜி. எவான்ஸ் என்னும் பேராசிரியரும் என். யூரி என்பவரும், நீரிற் கரைந்த பெர்ரிக் இரும்பு உப்பைத் தூதுவனாகக் கொண்டு ஆராய்ச்சி நடத்தினர். அவர்களோடு இணைந்து பணியாற்றியவர் எம். சாந்தப்பா. மூவரும் எழுதிய கட்டுரை 1951 ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சாந்தப்பாவும் அவர்தம் மாணாக்கரும் யுரேனைல் உப்பு முதலியவற்றையும் தூதுவனாக்கி இவ்வாராய்ச்சியைத் தொடர்ந்து வளர்த்தனர். அவர் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராகவும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் விளங்கியவர்.

அவர்கள் கண்ட முறை வருமாறு. பெர்ரிக் அயனி நீரில் ஹைட்ராக்ஸைடு அயனியோடு இணைந்து நிற்கும். அவ்விணை புறவூதா ஒளியை உட்கொண்டவுடன், ஹைட்ராக்ஸைடினின்று ஓர் எலக்ட்ரான் இரும்புக்குத் தாவுகின்றது. இரும்பு பெர்ரஸ் நிலையை அடைகின்றது; எலக்ட்ரானை இழந்த ஹைட்ராக்ஸில் தனியுறுப்பாக விடுபடுகின்றது. அது வினைல் மூலக்கூறு ஒன்றின் இரட்டைப் பிணைப்பைத் திறந்து அதனோடு சேர்கின்றது. சேர்ந்தவிடத்தும் தனி எலக்ட்ரான் அழியாது மறுமுனைக்கு மாறி நிற்றலின், அம்முனை அடுத்த மூலக்கூற்றைப் பற்றுகின்றது. அஃது அதற்கடுத்ததைப் பற்றுகின்றது. ஒரு திரியைக் கொளுத்திய மாத்திரத்தில் சரவெடி முழுதும் வெடிப்பதுபோல, ஒளிப்பொட்டலம் ஒன்றால் தோன்றிய தனியுறுப்பு பல்லாயிரம் மூலக்கூறுகளைக் கோக்கவுங் கூடும்.

இச்சங்கிலி எங்கு முடியும்? வளரும் முனைகள் இரண்டு எதிர்ப்பட்டால் அவற்றின் தனி எலக்ட்ரான்கள் இணைந்து, இரண்டும் ஒருங்கே அடங்கிவிடும். இதினின்றும் மாணவர் நினைவிற் கொள்ளத்தக்க ஒரு விதி பிறக்கின்றது. முடிவுக்கு இரண்டு முனைகள் வேண்டுதலின், வினையின் வேகம் ஒளியின் அளவுக்கு நேராக வளராது, அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே வளரும். ஒளியை நான்கு மடங்காக்கினால் வேகம் இரண்டு மடங்கே ஆகும். சங்கிலிகளின் நீளமோ பாதியாகக் குறையும். கதிரை மிகுத்தால் பயனும் அவ்வளவு மிகும் என்று எண்ணுதல் பிழை. நீண்ட சங்கிலி வேண்டுவோன் மெல்லிய ஒளியையே நாடுதல் வேண்டும்.

இனி வலிமை மிக்க கதிர்களை நோக்குவோம். கோபால்ட்–60 என்னும் கதிரியக்கப் பொருள் 1.17, 1.33 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய காமாக் கதிர்களை வெளியிடுகின்றது. இஃது ஊதா ஒளிப்பொட்டலத்தின் ஆற்றலைப்போல ஏறத்தாழ நான்கு இலட்சம் மடங்காகும். இக்கதிருக்குத் தூதுவன் வேண்டுவதில்லை. எதிர்ப்பட்ட மூலக்கூறு யாதாயினும் அதினின்று எலக்ட்ரானைப் பிடுங்கி எறியும். எறியப்பட்ட எலக்ட்ரானும் தன் வழியில் மேலும் பல மூலக்கூறுகளைத் தாக்கும். நீர்த்த கரைசலில் நீரின் மூலக்கூறுகளே மிகப் பலவாதலின், அடிபடுவது பெரும்பாலும் நீரேயன்றிக் கரைபொருளன்று. நீர் முறிந்து ஹைட்ராக்ஸில் தனியுறுப்பும், ஹைட்ரஜன் அணுவும், நீர் மூலக்கூறுகள் சூழ்ந்த எலக்ட்ரானும், சிறிதளவு ஹைட்ரஜன் பெராக்ஸைடும் ஹைட்ரஜன் வாயுவும் தோன்றுகின்றன. 100 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் நீரில் அடங்குங்கால் ஏறத்தாழ 2.7 ஹைட்ராக்ஸிலும், அவ்வளவே நீர் சூழ்ந்த எலக்ட்ரானும், 0.6 ஹைட்ரஜன் அணுவும் கிடைக்குமென அளந்துள்ளனர். இவை தோன்றி, நொடியின் கோடியில் ஒரு பங்கு காலத்துள் கரைசலிற் பரவிக் கரைபொருளைத் தாக்கத் தொடங்குகின்றன. வேட்டுக்கு இலக்கானது நீர், காயம்பட்டது கரைபொருள்.

இவ்வுண்மையைப் பாலிமர் ஆக்கத்தில் விளக்கிக் காட்டியவருள் இங்கிலாந்தின் எப். எஸ். டெய்ன்டன் ஒருவர். நீர்த்த அக்ரிலோநைட்ரைல் கரைசலின்மேல் எக்ஸ் கதிரும் காமாக் கதிரும் செய்யும் வினையை அவர் 1948 இல் விரித்தெழுதினார். நீர் சூழ்ந்த எலக்ட்ரான் என்பது நெடுநாள் ஊகமாகவே இருந்தது. 1962 இல் ஹார்ட், போக் என்னும் இருவர் எலக்ட்ரான் கற்றையை நொடிப்பொழுதிற் குறுகிய துடிப்பாக நீரிற் செலுத்தி, அவ்வெலக்ட்ரான் செந்நிற ஒளியை உட்கொள்வதைக் கண்டு அதனை மெய்ப்பித்தனர்.

இங்குக் கதிரின் அளவைப்பற்றி ஒரு கணக்குக் காண்க. ஒரு கிலோகிராம் பொருளில் ஒரு ஜூல் ஆற்றல் அடங்கின் அதனை ஒரு கிரே என்பர். மருத்துவக் கருவிகளைக் கிருமியற்றனவாக்கப் பொதுவாக 25,000 கிரே அளவு தருவர். இவ்வளவையும் நீருக்குத் தந்தால் அதன் வெப்பநிலை எவ்வளவு உயரும்? நீரை ஒரு பாகை சூடேற்றக் கிலோகிராமுக்கு ஏறத்தாழ 4,180 ஜூல் வேண்டுமாதலின், விடை ஆறு பாகையே. வெதுவெதுப்பாகவும் ஆகாத அந்நீரில் கிருமி ஒன்றும் பிழைப்பதரிது. எனவே இக்கதிர் சூட்டினால் தொழில் செய்வதன்று. பிணைப்புகளை முறித்துத் தனியுறுப்புகளை எழுப்புவதாலேயே தொழில் செய்வது என்பது தெற்றென விளங்கும்.

இவ்வறிவு நோயாளிக்கு எங்ஙனம் பயன்படுகின்றதென்பதைப் பார்ப்போம். தீப்புண்பட்டவனுக்கு உலர்ந்த துணியைக் கட்டினால் அது புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். கட்டை அவிழ்க்குந்தோறும் புதிதாய் வளர்ந்த தோலும் உடன் உரிந்து வேதனை மிகும். இத்துன்பத்தைக் குறைப்பதற்கு நீர்க்கூழ்ப் படலம் என்னும் கட்டினை மும்பையிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் வகுத்து, தொழில் நிறுவனங்கட்கும் அம்முறையை வழங்கியுள்ளனர். பாலிவினைல் ஆல்கஹால் என்னும் பாலிமரை நீரிற் கரைத்து, கடற்பாசியினின்று எடுக்கும் அகர் போன்ற பொருளையும் சேர்த்து, தட்டுகளில் ஊற்றி மூடி முத்திரையிட்டுக் கதிரின்முன் வைப்பர். நீரில் தோன்றும் ஹைட்ராக்ஸில் தனியுறுப்பு, சங்கிலியினின்று ஹைட்ரஜன் அணுவொன்றைப் பறித்துக்கொண்டு மீண்டும் நீராகின்றது. ஹைட்ரஜனை இழந்த இடம் தனியுறுப்பாகின்றது. இரண்டு சங்கிலிகளில் இத்தகைய இடங்கள் எதிர்ப்படின் அவை குறுக்கே பிணைகின்றன. இங்ஙனம் பல பிணைப்புகள் ஏற்பட, கரைசல் முழுதும் ஒரே வலையாகி, நீரைத் தன்னுள் அடக்கிய மென்மையான தகடாகின்றது. அது புண்ணைக் குளிர்வித்து ஈரமாக வைக்கும்; ஒட்டாது; ஊடே புண்ணைக் காணவும் இயலும்.

இம்முறையின் சிறப்பு இரண்டு. ஒன்று, குறுக்குப் பிணைப்புக்கென நச்சு மருந்து எதனையும் சேர்க்க வேண்டாமையால், புண்ணுக்குட் புகுந்து தீங்கிழைக்கத்தக்க எச்சம் எதுவும் அதனால் நேருவதில்லை. மற்றொன்று, மூடிய உறைக்குள்ளேயே வலை பின்னுதலும் கிருமி நீக்குதலும் ஒரே வேளையில் நிறைவேறுகின்றன. மருத்துவப் பொருள்களைக் காமாக் கதிராற் கிருமியற்றனவாக்கும் நிலையம் நம் நாட்டில் டிராம்பேயில் 1974 ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பெற்றது. அதற்கு ஐசோமெட் என்பது பெயர்.

ஆயினும், கதிர் எஞ்ஞான்றும் இணைத்தே தீரும் என்று கருதலாகாது. அதுவே அறுக்கவும் செய்யும். எது நிகழும் என்பதை மூன்று ஏதுக்கள் தீர்மானிக்கின்றன. முதலாவது, கரைசலின் செறிவு. மிக நீர்த்த கரைசலில் சங்கிலிகள் விலகி நிற்றலின், ஒரு சங்கிலி தன்னோடு தானே பிணைந்து சுருளும். செறிந்த கரைசலிலேயே அயற்சங்கிலியோடு பிணைந்து வலையாகும். இரண்டாவது, பிராணவாயு. கரைந்துள்ள பிராணவாயு தனியுறுப்புகளை முந்திப் பற்றிக்கொண்டு, மோனோமர் கரைசலில் சங்கிலி தொடங்காமற் தடுக்கும். பாலிமர் கரைசலில் சங்கிலியை அறுபடவும் செய்யும். இதனாலன்றோ ஆராய்ச்சியாளர் கரைசலினூடே நைட்ரஜனைச் செலுத்திப் பிராணவாயுவை முதலில் வெளியேற்றுகின்றனர். மூன்றாவது, பொருளின் இயல்பு. பாலிஎதிலீன் கதிர்பட்டு வலையாகின்றது. நம் மூங்கிலின் செல்லுலோஸோ கதிர்பட்டுத் துண்டாகின்றது.

அறுக்கும் இக்குணம் நம் உடலுக்கும் பொருந்தும். உயிரணுவின் பெரும்பகுதி நீரே. அதிற் கதிர் பாய்ந்தால் மேற்கூறிய ஹைட்ராக்ஸிலே தோன்றி, பரம்பரைப் பண்பைத் தாங்கும் டி.என்.ஏ. என்னும் நெடுஞ்சங்கிலியைத் தாக்கும். தட்டில் மருந்தாகும் வினையே உடலில் நோயாகின்றது. புற்றுநோய்க்குக் கதிர் மருத்துவம் செய்வோர் இத்தீமையையே அளந்து, குறித்த இடத்திற் செலுத்தி நன்மையாக்குகின்றனர். ஆகவேதான் கோபால்ட் நிலையங்களைத் தடித்த கான்கிரீட் சுவர்களால் சூழ்ந்து, வேலையில்லாத வேளையிற் கதிர்மூலத்தை ஆழமான நீர்த்தொட்டிக்குள் இறக்கி வைக்கின்றனர். கோபால்ட்–60 இன் வலிமை பாதியாகக் குறைவதற்கு 5.27 ஆண்டுகள் செல்லும். மின்விளக்கைப்போல அதனை அணைத்துவிட இயலாது. எலக்ட்ரான் கற்றையை எழுப்பும் பொறியோ மின்சாரத்தை நிறுத்தியவுடன் நின்றுவிடும். ஆனால் அக்கற்றை பொருளினுள் ஆழமாய்ப் புகாது. இவ்விரண்டின் குணங்குற்றங்களைச் சீர்தூக்கியே எதனைக் கொள்வதெனத் துணிதல் வேண்டும்.

மாணவ நண்பர்காள்! நம் மாவட்டத்துத் தொழிற்சாலைகளில் பணிபுரியப் போவோர் உங்களுட் பலர். புறவூதா விளக்கின் கீழ் மையும் பூச்சும் நொடியில் இறுகுவதை ஆங்கு நீங்கள் காணக்கூடும். பூச்சின் மேற்புறம் மட்டும் இறுகாது பிசுபிசுத்து நிற்குமாயின், விளக்கைப் பழிப்பதன்முன் காற்றிலுள்ள பிராணவாயுவை நினைமின். விளக்குகளை இருமடங்காக்கியும் விளைவு இருமடங்காகவில்லையெனின் வர்க்கமூல விதியை நினைமின். தேர்வுக்கென மனனம் செய்த வாய்பாடு தேர்வோடு மறைந்துவிடும்; ஏன் என்று வினவிக் கற்ற விதியோ, தொழிலிற் பொருளை விரயமாகாது காப்பதோடு, கதிரின் அருகே நிற்பவன் உயிரையுங் காக்கும்.