பொம்மைக்கு அலங்காரம்... பொண்ணுக்குத் தலைவலி!

அன்று காலை கிளினிக்கில் நல்ல கூட்டம். ஒன்பது வயசு மகளைக் கையில் பிடித்தபடி ஓர் அம்மா உள்ளே வந்தார்.

"டாக்டர், ஒரு வாரமா இவளுக்குத் தலைவலி. கண்ணும் செவசெவன்னு கிடக்கு. சூடாத்தான் இருக்கும். நல்ல தைலமா ஒண்ணு எழுதிக் குடுங்க."

நாடி பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை, சளி இல்லை. "ஸ்கூல் விட்டு வந்தா பாப்பா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டேன். பாப்பா தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாதான் பதில் சொன்னார்.

"செல்லுல ஒரு பொம்மை விளையாட்டு டாக்டர். டிரஸ் மாத்துறது, தலை சீவுறது, லிப்ஸ்டிக் போடுறது. சண்டை, துப்பாக்கி எதுவும் இல்லை. அதனால நாங்களும் விட்டுட்டோம்."

நான் ஒரு தப்பு செய்தேன். "இன்னையோட நிறுத்திடுங்க" என்று ஒரே வார்த்தையில் சொல்லி, தைலம் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். பத்து நாள் கழித்து இருவரும் திரும்பி வந்தார்கள். தலைவலி கூடியிருந்தது. பகலில் செல் கிடைக்காததால், ராத்திரி எல்லோரும் தூங்கியபின் போர்வைக்குள் வைத்து விளையாடியிருக்கிறாள். அதோடு இரண்டு கன்னத்திலும் சிவப்புத் தடிப்பு. அலமாரியில் அம்மா வைத்திருந்த வெளுப்பாக்கும் கிரீமை எடுத்துப் பூசியிருக்கிறாள்!

"ஏம்மா இதைப் போட்டே?"

"கேம்ல முதல்ல வர்ற பொண்ணு என்னை மாதிரியே இருக்கும். எல்லாம் போட்டு முடிச்சா வெள்ளையாயிடும்" என்றாள்.

இது தைலத்தில் தீருகிற சமாசாரம் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

விளையாட்டு புதுசில்லை

பொம்மைக்கு உடுத்திப் பார்க்கும் ஆசை ரொம்பப் பழசு. நம் வீட்டுக் கொலுவில் ஜோடியாக நிற்கும் மரப்பாச்சிக்குப் பட்டுத் துணி சுற்றி, மணி மாலை போடாத பெண்கள் உண்டா? அமெரிக்காவில் 1959-ல் பார்பி பொம்மை வந்தது. 1996-ல் அதே பார்பிக்குக் கம்ப்யூட்டரில் உடை தைக்கும் விளையாட்டு வெளியானது. பிறகு இன்டர்நெட்டில் இலவசமாக நூற்றுக்கணக்கில் வந்தன. அவற்றில் பலவற்றை இயக்கிய 'ஃப்ளாஷ்' மென்பொருளை 2020 டிசம்பரோடு கைவிட்டார்கள். ஆனாலும் விளையாட்டு நிற்கவில்லை, வேறு வடிவில் அம்மாவின் செல்லுக்கு வந்துவிட்டது.

நிறம் சேர்ப்பது, இதற்கு இது பொருந்துமா என்று யோசிப்பது எல்லாம் குழந்தைக்கு நல்ல பயிற்சிதான். அப்படியானால் கெடுதல் எங்கிருந்து வருகிறது?

கண்ணும் கழுத்தும்

நாம் சாதாரணமாக நிமிஷத்துக்குச் சுமார் 15 தடவை கண் சிமிட்டுகிறோம். ஒவ்வொரு சிமிட்டலும் கண்ணீரைக் கண்மேல் மெல்லிய படலமாகப் பரப்புகிறது. திரையை உற்றுப் பார்க்கும்போது சிமிட்டல் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். படலம் காய்ந்து எரிச்சல், சிவப்பு, உறுத்தல் எல்லாம் வரும். சின்ன திரையில் சின்ன தோட்டைத் தேடித் தொட வேண்டும் என்பதால், செல் முகத்துக்கு இன்னும் கிட்டே போகிறது. கிட்டப் பார்வைக்காகக் கண்ணுக்குள் இருக்கும் தசை இறுகியபடியே இருக்கிறது. நெற்றி வலி வராமல் என்ன செய்யும்?

கழுத்தையும் பாருங்கள். பெரியவர்கள் தலையின் எடை ஐந்து கிலோவை ஒட்டி இருக்கும். தலையை 60 டிகிரி குனிந்தால் கழுத்தெலும்பு தாங்க வேண்டிய சுமை சுமார் 27 கிலோ என்று 2014-ல் ஓர் அமெரிக்க முதுகெலும்பு மருத்துவர் கணக்கிட்டுச் சொன்னார். பிள்ளைக் கழுத்துக்கும் இதே விதிதான்.

இரவில் கண்விழித்தால் பித்தம் மிகும் என்பது சித்த மருத்துவம். இருட்டில் திரை வெளிச்சம் தூக்கத்தைத் தள்ளிப்போடும் என்பது இன்றைய விஞ்ஞானம். இரண்டும் சொல்வது ஒன்றே: ராத்திரி செல் வேண்டாம்.

மனசில் ஒட்டும் சாயம்

பிரிட்டனில் 8, 9 வயசுச் சிறுமிகள் 80 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2017-ல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு அலங்கார விளையாட்டு, மறு பிரிவுக்குச் சாதாரண விளையாட்டு. வெறும் பத்தே நிமிஷம்! அலங்கார விளையாட்டு ஆடியவர்களுக்குத் தங்கள் உடம்பைப் பற்றிய குறை கூடுதலாகத் தெரிந்தது. பெரியவளானால் என்ன வேலைக்குப் போகலாம் என்ற ஆசைகூட, பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்ட வேலைகள் பக்கமே சாய்ந்தது.

எங்கள் செஞ்சிப் பக்கம் திரௌபதியம்மன் திருவிழாவில் தெருக்கூத்து பார்த்திருப்பீர்கள். கிரீடம், புஜக்கட்டை, முகத்தில் அரிதாரம் என்று ஆளே மாறிப்போவார். அரிதாரம் என்பது எங்கள் மருந்து நூல்களில் பாஷாண வகை, ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த விஷச் சரக்கு. அந்தக் காலத்தில் அதை முகத்துக்கு அரைத்துப் பூசியதால், வேஷப் பூச்சுக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. கூத்துக்காரர் விடிந்ததும் எண்ணெய் தொட்டு வேஷத்தைக் கலைத்துவிட்டு, தன் முகத்தோடு வீட்டுக்குப் போவார். செல் விளையாட்டில் கலைக்கிற கட்டமே இல்லை. 'முன்னே' அசிங்கம், 'பின்னே' அழகு என்று அதோடு முடித்துவிடுகிறார்கள். அந்த 'முன்னே' என் முகம் என்று குழந்தை நினைத்தால் வினைதான்!

தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதைச் செய்யும் செல்கள் கறுப்பரோ வெள்ளையரோ எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான். சுரக்கும் அளவும் வகையும்தான் வித்தியாசம். நம் வெயிலுக்கு அது இயற்கை தந்த குடை. அதைக் கரைப்பதாகச் சொல்லும் கிரீம்கள் சிலவற்றில் பாதரசமும் ஸ்டீராய்டும் இருந்தது சோதனைகளில் தெரிந்திருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கும். பிள்ளை கைக்கு எட்டுகிற இடத்தில் இவை வேண்டவே வேண்டாம்.

என்ன செய்தோம்?

முதலில் கிரீமை நிறுத்தி, கன்னத்தைத் தோல் மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். அடுத்து கண் பரிசோதனை. கிட்டப்பார்வை இருந்தது, கண்ணாடி போட்டார்கள். கீரை தின்றால் கண்ணாடி கழன்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முருங்கை, பொன்னாங்கண்ணி கண்ணுக்கு ஊட்டம். ஆனால் பவரைக் குறைக்காது.

மூன்றாவதாக, அதே ஆசைக்கு வேறு வழி. "தெரிஞ்ச டெய்லர்கிட்ட துண்டுத் துணி வாங்கிக் குடுங்க. கொலுப் பெட்டியில இருக்கிற மரப்பாச்சியை வெளிய எடுங்க. ஊசியில நூல் கோக்க நீங்களே சொல்லிக் குடுங்க" என்றேன்.

வீட்டுப் பத்தியம்

1. செல் விளையாட்டை ஒரேயடியாகப் பிடுங்காதீர்கள். கூடத்தில், விளக்கு வெளிச்சத்தில், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் ஆடட்டும். ஐந்து வயசுக்குள் உள்ள பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டே வேண்டாம்.

2. 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடிக்கு அப்பால் இருப்பதை 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள். செஞ்சிக்காரர்களுக்கு என்ன குறை? மாடியில் ஏறினால் ராஜகிரி தெரிகிறது!

3. தினம் இரண்டு மணி நேரம் வெளியே வெளிச்சத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது. இதற்காகவே தைவான் பள்ளிகளில் 2010-லிருந்து பிள்ளைகளை வெளியே அனுப்புகிறார்கள். 2025-ல் நம் கோட்டையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. லீவு நாளில் கிருஷ்ணகிரியாவது ஏற்றிக் கூட்டிப்போங்கள்.

4. வாரம் ஒரு நாள் நல்லெண்ணெய் முழுக்கு. சோப்புக்குப் பதில் பச்சைப்பயறு, கிச்சிலிக்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர் சேர்ந்த நலங்குமாவு. இது அழுக்கை எடுக்கும், வாசனை தரும். நிறத்தை மாற்றாது, மாற்றவும் வேண்டாம்.

5. கடையில் விற்கும் சுர்மா, பெயர் தெரியாத மை எதையும் குழந்தை கண்ணுக்குள் தீட்டாதீர்கள். சிலவற்றில் ஈயம் உண்டு. ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

6. "கறுத்துப் போயிட்டே", "வெயில்ல சுத்தாதே" என்ற பேச்சை வீட்டில் விடுங்கள். விளையாட்டு சொல்வதை நாமும் சொன்னால், பிள்ளை எதை நம்பும்?

விடாத தலைவலி, காலையில் வாந்தி, இரட்டையாகத் தெரிவது, போர்டு எழுத்து மங்குவது இவற்றில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியம் செய்து நாளைக் கடத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒரு மாதம் கழித்து அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். கன்னம் ஆறியிருந்தது. தலைவலி எப்போதாவதுதான். கையில் மரப்பாச்சி, ஜாக்கெட் துண்டில் தைத்த பாவாடை, கொஞ்சம் கோணலாக.

"இதுக்கு வெள்ளை கிரீம் போடலையா பாப்பா?" என்று சீண்டினேன்.

"போங்க டாக்டர்! மரத்துக்கு யாராச்சும் கிரீம் போடுவாங்களா?" என்று சிரித்தாள்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அந்த கிரீமை நானும் விட்டுட்டேன் டாக்டர்" என்றார் மெதுவாக. பாதி வைத்தியம் அங்கேதான் முடிந்தது.