கேப் டிசைனை ஏஐ-யிடம் கொடுக்கிறீர்களா? இவற்றைச் சரிபார்த்துக் கொடுங்கள்

கடைவாய்ப் பல்லுக்கு ஒரு கேப் வரைய லேப் டெக்னீஷியன் கம்ப்யூட்டர் முன் நெடுநேரம் உட்கார்ந்து செய்த வேலையை, இப்போது மென்பொருள் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது. டென்மார்க்கின் த்ரீஷேப், ஜெர்மனியின் எக்ஸோகேட் இரண்டிலும் இந்த வசதி வந்துவிட்டது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒற்றை நாற்காலி கிளினிக் நடத்துபவரும் ஸ்கேனை அனுப்பி டிசைனை வாங்கிவிடலாம்.

தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் ஏஐ கற்றது பிறர் வாய்க்குச் செய்த பழைய கேப்களிலிருந்து. உங்கள் நாற்காலியில் இருப்பவரின் வாய் உங்களுக்குத்தான் தெரியும். கேப் பொருந்தாமல் போனால் குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ் ஏறி வந்தவருக்கு இன்னொரு நாள் கூலி போய்விடும்.

செய்ய வேண்டியவை

1. ஈறை ஒதுக்கி, உலர்த்திவிட்டு ஸ்கேன் எடுங்கள். ரத்தமோ எச்சிலோ மூடிய இடத்தில் ஸ்கேனருக்கு மார்ஜின் தெரியாது. அங்கேயும் மென்பொருள் தயங்காமல் ஒரு வழுவழுப்பான கோட்டை ஊகித்துப் போட்டுவிடும். ஈறை ஒதுக்கும் கார்டு (நூல்) வைக்கச் சோம்பல்பட்டால் கேப்பின் விளிம்பில் சொத்தை வரும்.

2. மார்ஜின் கோட்டைப் பெரிதாக்கி, ஒரு முழுச் சுற்றுப் பாருங்கள். பல்லிடுக்குப் பக்கமும் நாக்குப் பக்கமும்தான் கோடு அதிகம் வழுக்கும். 120 மைக்ரானுக்குள் இருக்கும் இடைவெளியையே பொதுவாக ஏற்கலாம் என்பார்கள். கோடு அரை மில்லிமீட்டர் விலகினால் அந்தக் கணக்கே போச்சு.

3. பைட் ஸ்கேனை வாயோடு ஒப்பிடுங்கள். ஆர்டிகுலேட்டிங் பேப்பர் வைத்துக் கடிக்கச் சொல்லுங்கள். வாயில் புள்ளி விழும் இடமும் திரையில் நிறம் காட்டும் இடமும் ஒன்றாக இல்லாவிட்டால் பைட்டை மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். தப்பான பைட்டுக்கு எந்த ஏஐ-யாலும் சரியான கேப் வரைய முடியாது.

4. வெற்றிலை பாக்கு போடுபவரா, இரவில் பல்லைக் கடிப்பவரா என்று கேட்டு, லேப் சீட்டில் எழுதுங்கள். வருடக்கணக்கில் பாக்கு மென்றவரின் கடைவாய்ப் பல் முகடு தேய்ந்து தட்டையாக இருக்கும். ஏஐ அங்கே பாடப் புத்தகப் பல்லைப் போல உயர்ந்த முகடுகளை வரையக்கூடும். பக்கத்துப் பற்களைப் பார்த்து முகட்டைத் தணியுங்கள். இல்லையேல் முழுக் கடியையும் அந்த ஒரு கேப் தாங்கும்.

5. தடிமனை அளக்கும் கருவியால் அளந்து பாருங்கள். கடைவாயில் கடிக்கும் பரப்பு, முழு சிர்கோனியாவுக்குச் சுமார் 1 மி.மீ., லித்தியம் டைசிலிகேட்டுக்கு 1.5 மி.மீ. என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. தயாரிப்பாளர் தரும் அளவே இறுதி. குழிவான நடுப்பள்ளத்தில்தான் கேப் முதலில் மெலியும்.

6. பிரிட்ஜ் என்றால் கனெக்டரின் பரப்பைப் பாருங்கள். கடைவாயில் மூன்று பல் சிர்கோனியா பிரிட்ஜுக்குப் பொதுவாக 9 சதுர மி.மீ. வேண்டும். பல்லிடுக்கு அழகாகத் தெரிய வேண்டுமென்று அங்கே குறுக்கினால் பிரிட்ஜ் உடைவதும் அங்கேதான்.

7. பல பற்களுக்கான வேலையை முதலில் ரெசினில் போட்டுப் பாருங்கள். சில நாள் மென்று பார்த்த பிறகு மாற்றுவது சுலபம். சிர்கோனியாவைச் சுட்டெடுத்த பிறகு மாற்றுவது செலவு.

8. பைலை உங்கள் சொந்த ஹார்ட் டிஸ்கிலும் வையுங்கள். 2011 டிசம்பரில் தானே புயல் கரையேறியபோது கடலூர் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது. க்ளவுடில் மட்டும் கேஸ் இருந்தால் நெட் வரும்வரை நோயாளிக்குப் பதில் சொல்ல முடியாது.

செய்யக்கூடாதவை

1. ஒரே கிளிக்கில் மில்லிங்குக்கு அனுப்பாதீர்கள். ஏஐ தருவது வரைவு. நீங்களோ டெக்னீஷியனோ பார்த்து ஒப்புதல் தந்த பிறகே அது டிசைன்.

2. திரையில் தெரியும் அழகை நம்பி ஓகே சொல்லாதீர்கள். 2018-ல் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்காவின் க்ளைட்வெல் லேபுடன் சேர்ந்து கம்ப்யூட்டருக்குக் கேப் வரையக் கற்றுக் கொடுத்தபோதே, எதிர்ப்பல்லோடு உள்ள இடைவெளியையும் சேர்த்துத்தான் கற்றுக் கொடுத்தார்கள். பல்லின் உருவம் மட்டும் போதாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நீங்களும் கடியைப் பார்க்காமல் விடாதீர்கள்.

3. இடம் போதாத பிரெப்பை மெலிந்த கேப்பால் சமாளிக்காதீர்கள். சில மென்பொருள் எதிர்ப்பல்லில் இடிக்கும் பகுதியைத் தானே வெட்டிக் கொடுத்துவிடும். சிவப்பு எச்சரிக்கை வந்தால் நோயாளியை மறுபடி உட்கார வைத்துப் பல்லைக் குறையுங்கள். இன்றைக்குப் பத்து நிமிடம் செலவழித்தால் பிறகு உடைந்த கேப்போடு அவர் வர வேண்டியிருக்காது.

4. இம்ப்ளான்ட் கேப்பை இயற்கைப் பல் மாதிரி விடாதீர்கள். கடிக்கும்போது இயற்கைப் பல் சற்றே அமுங்கிக் கொடுக்கும். எலும்போடு ஒட்டிய இம்ப்ளான்ட் அப்படிக் கொடுக்காது. கடியைச் சற்று லேசாக வைக்காவிட்டால் ஸ்க்ரூ தளரும், கேப் சிதறும்.

5. வாய் முழுக்கத் தேய்ந்தவரின் கேஸை ஏஐ-யிடம் ஒப்படைக்காதீர்கள். கடியின் உயரத்தை எவ்வளவு கூட்டலாம் என்பதைத் தாடை மூட்டையும் தசையையும் பரிசோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சந்தேகமா? அண்ணாமலை நகரில் 1980-ல் தொடங்கி இன்று அரசுக் கல்லூரியாக நடக்கும் பல் மருத்துவக் கல்லூரியில் செயற்கைப்பல் துறை இருக்கிறது. அங்கே அனுப்புங்கள்.

6. போன் ஆப் வரைந்த சிரிப்புப் படத்தைக் காட்டி வாக்குக் கொடுக்காதீர்கள். அந்தப் படத்துக்கு வேரும் தெரியாது, ஈறும் தெரியாது, பல்லின் அளவும் தெரியாது. கல்யாணத்துக்கு முன் அவசரமாக வருபவர் அதை அப்படியே எதிர்பார்ப்பார்.

7. பெயரும் போன் நம்பரும் ஒட்டிய ஸ்கேனை வெளியே அனுப்பாதீர்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறிவிட்டது. கேஸ் நம்பர் மட்டும் போட்டு அனுப்புங்கள். ஸ்கேன் வெளியே போவதை நோயாளியிடம் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள்.

8. தேய்த்துச் சரிசெய்த சிர்கோனியாவைச் சொரசொரப்பாக விட்டுவிடாதீர்கள். சொரசொரப்பான பரப்பு எதிர்ப்பல்லைத் தின்றுவிடும். பாலிஷ் ரப்பரால் மின்ன மின்னத் தேய்த்த பிறகே ஒட்டுங்கள்.

9. டெக்னீஷியனைக் கழற்றிவிடாதீர்கள். கேப் ஏன் உட்காரவில்லை என்று கையில் எடுத்துப் பார்த்ததும் சொல்லக்கூடியவர் அவர். வரையும் நேரம் மிச்சமானால் அந்த நேரத்தைச் சரிபார்க்க அவருக்குக் கொடுங்கள்.

10. “சாஃப்ட்வேர் செய்த தப்பு” என்று நோயாளியிடம் சொல்லாதீர்கள். மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்துவிட்டது. கேப்பை ஒட்டிய கை உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையது.

இன்று லேபுக்குப் போக இருக்கும் கேஸைத் திறங்கள். மார்ஜின், தடிமன், கடி மூன்றையும் பார்த்து, பார்த்தவர் பெயரைச் சீட்டில் எழுதி, அதன் பிறகு அனுப்புங்கள்.