மூக்குல சாம்பிள் எடுக்கணுமா? முதல்ல இதைக் கேளுங்க!

பிள்ளை உள்ளங்கையால மூக்கை மேல்நோக்கித் தேய்ச்சுத் தேய்ச்சு, மூக்குத்தண்டுல குறுக்கே கோடு விழுந்திருக்கா? ராத்திரியில வீசிங் வேறயா? டாக்டர் மூக்குச் சளியை டெஸ்ட் பண்ணச் சொன்னதும் லேபுக்கு ஓடாதீங்கம்மா. மூக்கு தொட்டாச்சிணுங்கி மாதிரி. முந்தின நாள் அதுக்கு நீங்க என்ன செஞ்சீங்களோ, அதுதான் ரிசல்ட்டுல தெரியும்.

1. ஸ்ப்ரேயை மறைக்காதீங்க. அலர்ஜி இருந்தா சளியில இயோசினோபில்ங்கிற வெள்ளையணு கூடும். ஸ்டீராய்டு ஸ்ப்ரே அதைக் குறைச்சுடும். அப்புறம் 'அலர்ஜியே இல்லை'ன்னு ஏமாந்துடுவீங்க. மருந்து பாட்டிலையே கையோட கொண்டுபோய்க் காட்டுங்க.

2. இன்ஹேலரை நீங்களா நிறுத்தவே கூடாது. டெஸ்ட்டைத் தள்ளிப்போடலாம், மூச்சைத் தள்ளிப்போட முடியுமா?

3. கிளம்புறப்போ உப்புத்தண்ணி விட்டு மூக்கைக் கழுவாதீங்க. பார்க்க வேண்டிய அணுக்களும் சளியோட போயிடும். மத்த நாள்ல கழுவினாலும், கொதிக்க வெச்சு ஆறின தண்ணிதான்.

4. ஜலதோஷம் இருந்தா சொல்லிடுங்க. வைரஸ் வந்தா நியூட்ரோபில்ங்கிற வேற அணு கூடி, கணக்கே குழம்பும்.

5. ரிசல்ட் பிடிக்கலைன்னு மறுநாளே இன்னொரு லேப் ஏறாதீங்க. சாம்பிளுக்காக பிரஷ்ஷால சுரண்டின இடத்தை ஆத்த, உடம்பு புதுசா வெள்ளையணுக்களை அனுப்பும். அடுத்த சாம்பிள்ல தெரியுறது அலர்ஜியா, சுரண்டின காயமான்னு புரியாது. ஆராய்ச்சியில அடிக்கடி சாம்பிள் எடுக்கணும்னா, சளியை உறிஞ்சுற மெல்லிய பட்டையை மூக்குல வைக்கிறதும் உண்டு. அதுல இந்தச் சுரண்டல் இல்லை.

6. நேரத்தைக் குறிச்சு வைங்க. ஒட்டடை அடிச்ச சில நிமிஷத்துல வர்ற தும்மல், ஹிஸ்டமின்ங்கிற ரசாயனத்தோட வேலை. 4 முதல் 8 மணி நேரம் கழிச்சு இரண்டாவது அலை வரலாம். இயோசினோபில் கூடி மூக்கு அடைக்கிறது அப்போதான். எப்போ சாம்பிள் எடுத்தோம்கிறதைப் பொறுத்து விடையும் மாறும்.

7. ரத்த டெஸ்ட், தோல் டெஸ்ட் ரெண்டுமே நெகட்டிவ்னு வந்தா, 'நடிக்கிறியா'ன்னு பிள்ளையைத் திட்டாதீங்க. சிலருக்கு அலர்ஜிக்கான ஐஜிஇங்கிற ஆன்டிபாடி மூக்குக்குள்ள மட்டுமே உருவாகும்.

மூக்கும் நுரையீரலும் ஒரே பாதைம்மா. மேல இருக்கிற அலர்ஜியை அலட்சியம் பண்ணினா, கீழ ஆஸ்துமாவை அடக்குறது கஷ்டம். அதனால இன்னிக்கே ஒரு தாள்ல மூணு வரி எழுதுங்க: என்ன மருந்து, கடைசியா எப்போ போட்டது, எப்போ தும்மல். டாக்டர் கேட்கிறதுக்கு முன்னாடியே அதை நீட்டுங்க.