இரவற் பதிவேடும் இணையச் சேவையும்

பூட்டிய அலுமாரிகளையுடைய நூலகத்தில் நூல் வேண்டும் மாணவன், நூலின் எண்ணைத் துண்டில் எழுதிக் கொடுக்கின்றான். நூலகர் நூலைக் கொடுப்பார். அன்றேல் இல்லை என்பார். உள்ளே நூல்கள் அடுக்கப்பட்ட முறையை மாணவன் அறியவேண்டியதில்லை. கணினிச் செய்நிரல்கள் தம்முள் இவ்வாறு கேட்டும் கொடுத்தும் இயங்கும் முறைகளுள் ஒன்று றெஸ்ற் எனப்படும். றோய் பீல்டிங் என்பார் 2000 ஆம் ஆண்டிலே, ஏர்வைன் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற்குச் சமர்ப்பித்த கலாநிதிப்பட்ட ஆய்வேட்டில் இதனை வகுத்துரைத்தார். உலகளாவிய வலைக்கு அடிப்படையான எச்.ரி.ரி.பி. விதிகளை எழுதியோருள்ளும் அவர் ஒருவர்.

இம்முறையில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முகவரி உண்டு. '/நூல்கள்/127' என்பது 127 ஆம் எண்ணுடைய நூலின் முகவரி. முகவரி பெயர்ச்சொல்லாகவே இருத்தல் வேண்டும். வினை தனியே நிற்கும். வினைகளும் சிலவே. கெற் என்பது காட்டுக என்றும், போஸ்ற் என்பது புதிதாய் ஒன்றைச் சேர்க்க என்றும், புற் என்பது இம்முகவரியில் இதனை வைக்க என்றும், டிலீற் என்பது நீக்குக என்றும் பொருள்படும். சேவையகம் முன்னைய உரையாடலை நினைவில் வைத்திராது. ஆதலின் ஒவ்வொரு வேண்டுகோளும் தன்னளவில் நிறைவுடையதாதல் வேண்டும்.

பைதன் மொழியும் பிளாஸ்க் என்னும் சட்டகமும் கைவசம் இருப்பின் எளிய சேவையொன்றைப் பத்துப் பன்னிரண்டு வரிகளில் அமைக்கலாம். 'இம்முகவரிக்குக் கெற் வரின் இச்சார்பை இயக்குக' என ஒரு வரி எழுதி, அதன்கீழே சார்பை எழுதுதல் வேண்டும். சார்பு நூலின் விவரத்தை ஜேசன் வடிவில் 200 என்னும் நிலைக்குறியுடன் அனுப்பும். நூல் இல்லையெனின் 404. புதிதாய் ஒன்று சேர்ந்ததாயின் 201. இல்லாத நூலுக்கும் 200 அனுப்பி, உள்ளே 'பிழை' என்று எழுதிவைக்கும் சேவைகளும் உள. அவற்றோடு பழகுதல் பெருந்தொல்லை. தமிழ்த் தலைப்புக்கள் தலைகீழ்க்கோடும் எண்ணுமாய்த் தோன்றின் அஞ்சவேண்டா. பெறும் செய்நிரல் வாசிக்கும்போது அவை மீளத் தமிழாகும்.

சேவையைப் பயன்படுத்துவோர்க்கு ரிக்குவெஸ்ற்ஸ் என்னும் துணைநிரல் உண்டு; ஒரு வரியிற் கேட்டுப் பெறலாம். ஆயின் 404 வந்தாலும் அது தானாக நின்று பிழை சொல்லாது. நிலைக்குறியை நாமே பார்த்தல் வேண்டும். எத்தனை வினாடி காத்திருப்பது என்பதையும் நாமே குறித்தல் வேண்டும். குறியாவிடின் மறுமொழி வராதவிடத்து முடிவின்றிக் காத்துக் கிடக்கும்.

காத்திருக்கும் நேரத்தைக் குறித்தபின் நேர்ந்த இடர் ஒன்றைச் சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடசாலை நூலகத்திற்கு இரவற் பதிவேடொன்றை இம்முறையில் அமைத்துக் கொடுத்தேன். ஒவ்வோர் இரவலும் போஸ்ற் வினையால் '/இரவல்கள்' என்னும் முகவரிக்குச் செல்லும். ஒருநாள் இணைப்பு இடையில் அறுந்தது. பதிவு நிகழ்ந்துவிட்டது, நிகழ்ந்தது என்னும் மறுமொழி மாத்திரம் வந்து சேரவில்லை. ஐந்து வினாடி காத்திருந்த என் செய்நிரல் அதனை மீளவும் அனுப்பிற்று. ஒரு நூலெடுத்த சிறுவன் பேரில் இரண்டு இரவல்கள் ஏறின. நூலைத் திருப்பிக் கொடுத்த பின்னும் 'மற்றைய பிரதி எங்கே' என்று கேட்கப்பட்டுத் தண்டமும் கட்டினான். நூலகர் கணினியை நம்பினார், சிறுவனை நம்பவில்லை. பிழையோ என்னுடையது.

கெற், புற், டிலீற் என்னும் மூன்றையும் ஒருமுறை செய்தாலும் பலமுறை செய்தாலும் சேவையகத்தில் எய்தும் நிலை ஒன்றே என்பது எச்.ரி.ரி.பி. விதி. போஸ்றுக்கு அவ்வுறுதி இல்லை. ஆதலின் இரவலுக்குரிய எண்ணை, முதன்முறை அனுப்புமுன்னரே கேட்கும் செய்நிரல் உண்டாக்கி, '/இரவல்கள்/' என்பதன் பின் அவ்வெண்ணைச் சேர்த்துப் புற் வினையால் அனுப்புமாறு திருத்தினேன். மீள அனுப்பும்போது அதே எண் செல்லுதல் வேண்டும். புதிய எண் உண்டாக்கின் பயனில்லை. சேவையகமும் விதிப்படி நடத்தல் வேண்டும். புற் வருந்தோறும் இரவற்றொகையை ஒன்றாற் கூட்டும் வரி ஒன்று என் பழைய நிரலிற் கிடந்தது, அதனையும் நீக்கினேன்.

திருத்திய நிரலை நிறுவிய அன்று நூலகர் முன்னிலையில் வேண்டுமென்றே இணைப்புக் கம்பியைப் பிடுங்கி, மீளச் செருகிப் பார்த்தோம். வேண்டுகோள் மும்முறை சென்றிருந்தது; பதிவேட்டில் ஒரு வரியே இருந்தது. சிறுவனின் தண்டப்பணத்தை அவர் அன்றே திருப்பிக் கொடுத்தார்.