மறுமுனையில் யார்?

பள்ளி முடிந்து வீடு திரும்பிய பேத்தி, பாட்டியின் அறைக்கதவு சாத்தியிருப்பதைக் கண்டு வியந்தாள். பகலில் கதவைச் சாத்தும் வழக்கம் பாட்டிக்கு இல்லை. உள்ளே அவர் தாழ்ந்த குரலில் யாருடனோ ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஃபைவ்... சீரோ... டூ..."

பேத்தி கதவைத் திறந்தாள். மேசைமீது வங்கி அட்டையும் அடையாள அட்டையும் கிடந்தன. "போலிஸ்மா, பேசாதே" என்று பாட்டி உதட்டை மட்டும் அசைத்தார். அவருடைய கை நடுங்கியது. பேத்தி ஒன்றும் கேட்காமல் தொலைபேசியை வாங்கி இணைப்பைத் துண்டித்தாள். பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன காரியம் செய்தாய்! என் பெயரில் கள்ளப் பணம் போயிருக்கிறதாம்!"

நடந்தது இதுதான். முதலில் பேசியவர், தம்மை வங்கி ஊழியர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். பாட்டியின் முழுப்பெயரையும் அடையாள எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளையும் பிழையின்றிச் சொன்னார். அவருடைய அட்டையில் யாரோ பொருள் வாங்கியிருப்பதாகக் கூறி, 'காவல் அதிகாரி' ஒருவருக்கு இணைப்பை மாற்றினார். விசாரணை முடியும்வரை பிள்ளைகளிடம்கூடச் சொல்லக்கூடாது என்று அந்த 'அதிகாரி' எச்சரித்தார். பிறகு, கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணைப் படிக்கச் சொன்னார். 'இதை யாரிடமும் தெரிவிக்காதீர்கள்' என்ற வரியும் அந்தக் குறுஞ்செய்தியிலேயே இருந்தது. பதற்றத்தில் பாட்டியின் கண்ணுக்கு எண் மட்டுமே தெரிந்தது.

பாட்டி ஏமாளியல்லர். முப்பது ஆண்டுகள் எழுத்தராகப் பணிபுரிந்தவர். மோசடிக்காரர்கள் குறிவைப்பது ஒருவருடைய அறியாமையை மட்டுமன்று. அச்சத்தையும், அதிகாரத்திற்குக் கட்டுப்படும் நல்ல பழக்கத்தையும்தான். பெயரும் அடையாள எண்ணும் கசிந்த தரவுகளிலிருந்தோ போலி இணையத்தளங்களிலிருந்தோ அவர்களுக்குக் கிடைத்துவிடலாம். எனவே, நம் விவரங்களை ஒருவர் அறிந்திருப்பது அவர் உண்மையானவர் என்பதற்குச் சான்றாகாது. அவர்களிடம் இல்லாதது அந்த ஒருமுறை மறைச்சொல் ஒன்றுதான். அதற்காகவே இத்தனை நாடகமும்.

பேத்தி திரையைப் பார்த்தாள். எண்ணின் தொடக்கத்தில் '+65' என்று இருந்தது. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், வெளிநாட்டிலிருந்து சிங்கப்பூருக்கு வரும் அழைப்புகளுக்கு முன்னால் கூட்டல் குறி தோன்றுகிறது. உள்ளூர் அழைப்பில் அது வராது. ஆயினும், குறி இல்லை என்பதால் மட்டும் அழைப்பை நம்பிவிடவும் முடியாது. உள்ளூர் சிம் அட்டைகளும் மோசடிக்குப் பயன்படுத்தப்படுகின்றன.

2021ஆம் ஆண்டின் இறுதியில், வங்கி அனுப்பியதுபோன்ற போலிக் குறுஞ்செய்திகளை நம்பி, ஓசிபிசி வாடிக்கையாளர்கள் ஏறத்தாழ 790 பேர் மொத்தம் 13.7 மில்லியன் வெள்ளியை இழந்தனர். அதன் பிறகு விதிகள் கடுமையாயின. வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் குறுஞ்செய்திகளிலிருந்து வங்கிகள் இணைய இணைப்புகளை நீக்கின. புதிய கைப்பேசியில் மின்னிலக்க அடையாளக் குறியீட்டைச் செயல்படுத்தினால், அது இயங்கக் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் உண்மையான உரிமையாளர் எச்சரிக்கைச் செய்தியைப் பார்த்துத் தடுத்துவிடலாம். சேமிப்பில் ஒரு பகுதியை இணையம்வழி எடுக்க முடியாதபடி பூட்டிவைக்கும் வசதியையும் வங்கிகள் அளிக்கின்றன. முதியவர்களுக்கு இது மிகவும் ஏற்றது என்றே தோன்றுகிறது.

சிலர் சொந்தப் பிள்ளைகள் மன்றாடினாலும் அழைத்தவரையே நம்புகிறார்கள். அத்தகையோருக்காக, 2025 ஜூலை முதல் ஒரு சட்டம் நடப்பில் உள்ளது. ஒருவர் மோசடிக்காரருக்குப் பணம் அனுப்பப்போகிறார் என்று நம்பக் காரணமிருந்தால், அவரது கணக்கைக் கட்டுப்படுத்தும்படி காவல்துறை வங்கிக்கு உத்தரவிடலாம்.

பேத்தி, வங்கி அட்டையின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருந்த எண்ணை அழைத்தாள். பாட்டியே பேசினார். அப்படி ஒரு விசாரணையே இல்லை என்றார் ஊழியர். கணக்கை உடனே முடக்கினார். பணம் ஏதும் போகவில்லை. சந்தேகம் எழுந்தால் 1799 என்ற உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம் என்று பேத்தி ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினாள்.

சற்று நேரத்தில் மீண்டும் தொலைபேசி ஒலித்தது. அதே எண். பாட்டி எடுக்கவில்லை. ஆனாலும், ஒலி அடங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.